படுத்தபடியே குரங்கு விரட்டியவன்

1

போன சனிக்கிழமை இங்குள்ள தமிழ்க் கடையில் ஒரு சின்ன அரிசிப் பை வாங்கினேன். அதைத் தள்ளுவண்டியிலிருந்து காருக்கு மாற்றும் முன் மூன்று பக்கமும் திரும்பிப் பார்த்தேன். திருடிய அரிசியில்லை, ரசீது சட்டைப் பையில் இருந்தது. எங்காவது ஒரு சாம்பல் நிறக் கார் நிற்கிறதா, அதற்குள் ஒரு மனிதர் செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்தேன்.

இரண்டு வருடப் பழக்கம். நான் குனிகிறேனா, நிமிர்கிறேனா என்று படம் பிடிக்க ஒரு காப்பீட்டு நிறுவனம் ஆள் வைத்திருந்தது. வழக்கு முடிந்து போன மாதம் தீர்ப்பும் வந்துவிட்டது. ஆனால் என் கழுத்துக்கு இன்னும் தீர்ப்பு நகல் போய்ச் சேரவில்லை.

மகள் கயல் காரிலிருந்து இறங்கி வந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்த பெண். அவள் தமிழில் மரியாதை விகுதிகள் விமானம் ஏறவில்லை.

"அப்பா, கேஸ் முடிஞ்சு போச்சு. நீ தாராளமா தூக்கலாம்."

"தூக்கறேன், இரு."

"ஆனா உன்னால முடியாது. அதுதான கேஸே?" என்று சொல்லிவிட்டு, பையை ஒரு கையால் எடுத்து வண்டியில் போட்டாள்.

நாற்பது பக்கத் தீர்ப்பை இதைவிடச் சுருக்க முடியாது.

2

கொல்லிமலையில் வாழவந்தி நாட்டில் பிறந்தவன் நான். எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்தில் வாந்தி எடுத்துக்கொண்டே இறங்கிப் போய், சமவெளியில் எம்.ஏ. தமிழ் படித்து முடித்தேன். அதற்கப்புறம் கனடா வந்து நகரப் பேருந்து ஓட்டினேன். பத்தொன்பது வருடம். வளைவே இல்லாத ஊர் இது. ஸ்டியரிங்கைக் கட்டிப் போட்டுவிட்டுத் தூங்கினாலும் பேருந்து அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விடும். மலையில் உடையாத முதுகு இங்கே சமதரையில் உடைந்தது. கீழ்முதுகில் இரண்டு டிஸ்க் வட்டுகள் நகர்ந்து நரம்பை அழுத்துகின்றன என்றார்கள். இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார முடியாது. நிற்பது இன்னும் குறைவு. படுத்தால் ஓரளவு மனிதன்.

இந்த நாட்டில் இதற்கும் ஒரு காப்பீடு உண்டு. வேலையில் சேர்ந்த நாளிலிருந்து சம்பளத்தில் பிடிப்பார்கள். நோயால் நீண்ட காலம் வேலை செய்ய முடியாமல் போனால், ஓய்வு வயதுவரை சம்பளத்தின் ஒரு பகுதியைத் தருவார்கள். படிக்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் முதல் இரண்டு வருடம் ஒரு கேள்வி, அதற்குப் பிறகு வேறு கேள்வி. முதல் கேள்வி, "உங்களால் பேருந்து ஓட்ட முடியுமா?" முடியாது என்றதும் ஒப்புக்கொண்டார்கள். சரியாக இரண்டு வருடம் முடிந்த வாரம் அடுத்த கேள்வி வந்தது. "உங்கள் படிப்புக்கும் பயிற்சிக்கும் அனுபவத்துக்கும் பொருந்தும் வேறு ஏதாவது ஒரு வேலையாவது செய்ய முடியுமா?"

பதிலையும் அவர்களே எழுதி அனுப்பியிருந்தார்கள். வேலைவாய்ப்பு நிபுணர் ஒருவர் என் விண்ணப்பத்தைப் படித்து எனக்குத் தோதான வேலைகளைப் பட்டியல் போட்டிருந்தார். வாகன நிறுத்தத்தில் சீட்டுக் கொடுப்பவர். தொலைபேசியில் வாடிக்கையாளர் குறை கேட்பவர். மூன்றாவதாக, எம்.ஏ. தமிழ் படித்திருப்பதால், மொழி ஆலோசகர்.

முப்பது வருடத்தில் என் எம்.ஏ. தமிழை மதித்த ஒரே நிறுவனம் அதுதான். பெண் கொடுத்த மாமனார்கூட, "அது கெடக்கட்டுங்க, வேற என்ன தெரியும்?" என்றுதான் கேட்டார். நிறுவனம் கேட்கவில்லை. பட்டத்தை மதித்தது, மதித்த கையோடு பணத்தை நிறுத்தியது.

3

வழக்குப் போட்டோம். பெரும்பாலான வழக்குகள் மேசையில் பேசி முடிந்துவிடுமாம். என்னுடையது முடியவில்லை. காரணம் இருபத்திரண்டு விநாடி ஓடும் ஒரு வீடியோ.

அதற்கு முன் அவர்களிடம் இருந்ததெல்லாம் சாதாரணச் சரக்கு. என்னைத் தொட்டுப் பார்த்த மருத்துவர், முடியாது என்று எழுதினார். என்னைப் பார்க்காமல் காகிதத்தை மட்டும் பார்த்த நிறுவன மருத்துவர், முடியும் என்று எழுதினார். அந்த மனிதரை நான் சந்தித்ததே இல்லை. ஆனால் என் முதுகெலும்பைப் பற்றி என் மனைவியைவிட உறுதியாகப் பேசியிருந்தார். துப்பறிவாளர் மூன்று நாள் பின்தொடர்ந்து பிடித்த படமும் இருந்தது. நான் குப்பைத் தொட்டியைத் தள்ளிக்கொண்டு போய், தெருவிளக்குக் கம்பத்தைப் பிடித்தபடி நின்று, திரும்பி வருகிறேன். உலகத்திலேயே மிகவும் சலிப்பூட்டும் திரைப்படம் அது. நாயகன் நான் என்பதால் சொல்கிறேன்.

என் வக்கீல் இளம்பெண், சுறுசுறுப்பானவர். இந்த மாதிரி வழக்குகளில் நீதிபதிகள் எதைப் பார்ப்பார்கள் என்று முதல் நாளே பாடம் நடத்தினார். ஒரு வேலையை ஒரு தடவை செய்ய முடிகிறதா என்பதல்ல கேள்வி. நாளைக்கும் மறுநாளும் அதற்கடுத்த திங்கட்கிழமையும் நேரத்துக்கு வந்து, நாள் முழுக்கச் செய்ய முடியுமா என்பதே கேள்வி. வீடியோ இருந்தால், அதற்கு முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக ஆள் பேச்சில் பொய் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

"ஒரு பொய் பிடிபட்டால் போதும்," என்றார். "முதுகு வலியும் பொய்யாகிவிடும்."

பிறகு கணினியைத் திருப்பி அந்த இருபத்திரண்டு விநாடியைக் காட்டினார்.

கொல்லிமலை. சில்வர் ஓக் மரம். அதில் படர்ந்த மிளகுக் கொடி. மூங்கில் ஏணிமேல் நான். எட்டி ஒரு மிளகுச் சரத்தைப் பறித்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறேன். அடியில் எழுதியிருந்தது: கனடா மாமா களத்துல எறங்கிட்டாருங்கோ.

அதை இணையத்தில் பதிவேற்றியவன் என் மனைவியின் தம்பி செல்வராசு.

4

நடந்தது இதுதான். மாமனார் இறந்து வருடம் திரும்பும் தை மாதம் நாங்கள் ஊருக்குப் போயிருந்தோம். இரண்டு விமானம், பாதி வழி படுத்துக்கொண்டே பயணம், மாத்திரை தனி. அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெரியவர் போன பிறகு வரும் முதல் மிளகுப் பறிப்பில், முதல் சரத்தை மூத்த மருமகன்தான் பறிக்க வேண்டும். அந்த மருமகன் நான்.

முடியாது என்று சொல்லியிருக்கலாம்தான். ஆனால் எங்கள் பக்கத்தில் ஒரு ஆம்பிளைக்கு உடம்பு முடியவில்லை என்பதை நாலு பேர் முன்னால் சொல்ல மாட்டோம். காய்ச்சல் என்றால் சொல்லலாம், வந்தால் போய்விடும். முதுகு போய்விட்டது என்று சொல்வது வேறு. அது என்னோடு நிற்காது. "பாவம், பொண்ணைக் கொண்டுபோய் அங்க குடுத்துட்டாங்க" என்று பெண் வீட்டின் தலையில் போய் உட்காரும். நான் வேலையை விட்டு மூன்று வருடமாகியும் வாழவந்தி நாட்டில் அது யாருக்கும் தெரியாது. கேட்டவர்களிடம் செல்வராசு, "மாமா லீவுல இருக்காருங்க" என்று சொல்லி வைத்திருந்தான். அவ்வளவு நீண்ட லீவை எந்த அரசு ஊழியரும் கண்டதில்லை.

ஆகவே விடிந்ததும், சனம் சேருமுன், நானும் செல்வராசும் மட்டும் காட்டுக்குப் போனோம். அவன் ஒரு கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டான், மறு கையில் போன்.

"மூணே படிதானுங்க மாமா. ஏறுங்க, ஒரு சரம் பறிங்க, சிரிங்க. முடிஞ்சுது."

ஏறினேன். பறித்தேன். சிரித்தேன். இறங்க முடியவில்லை. இடுப்புக்குக் கீழே கால்கள் என்னுடையவை இல்லை என்பது போல் ஆகிவிட்டது. செல்வராசு போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு ஏறி வந்தான். என்னை முதுகில் சாத்திக்கொண்டு இறங்கினான். வழியில் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று காப்பிச் செடிகளுக்கு நடுவே சுற்றித் தூக்கிப் போய், கொல்லைப்புறமாக வீட்டுக்குள் சேர்த்தான். நான்கு நாள் தரையில் கிடந்தேன். அவன் வீடியோவின் வாலை வெட்டிவிட்டு மீதியை ஊருக்குக் காட்டினான்.

அப்படிக் காட்டியது கடல் தாண்டி என்னிடமே வந்தது, வழக்கு எண்ணோடு.

"அவர் வந்து வால் பகுதியைச் சொன்னால் போதும்," என்றார் என் வக்கீல். "தூக்கிக்கொண்டு போனேன் என்று ஒரே ஒரு வாக்கியம். இல்லாவிட்டால் இந்த வழக்கு ஏணியோடு முடிந்தது."

5

செல்வராசு காணொளி வழியாகச் சாட்சி சொன்னான். இங்கே காலை, அங்கே விளக்கு வைத்த நேரம். மூடிய அறையில் சாட்சி தனியாக இருக்க வேண்டும் என்று எழுதியே அனுப்பியிருந்தோம். அவன் வீட்டில் சிக்னல் கிடையாது. அதனால் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்திருந்தான், வெள்ளை வேட்டி சட்டையில், நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு. அவனுக்குப் பின்னால் கடை நிறையத் தலைகள்.

நீதிபதி வயதான அம்மையார். கண்ணாடியை இறக்கிவிட்டுத் திரையைப் பார்த்தார். "சாட்சிக்குப் பின்னால் இருப்பவர்கள் யார்?"

மொழிபெயர்ப்பாளர் கேட்டார்.

"எல்லாம் நம்ம சனந்தானுங்கம்மா," என்றான் செல்வராசு.

வெளியே அனுப்பச் சொன்னார்கள். அனுப்பினான். கதவுக்குப் பதில் அந்தக் கடைக்கு இரும்பு ஷட்டர். அதை முக்கால்வாசி இறக்கினார்கள். அடியில் வரிசையாகக் கால்கள் நின்றன. கால்களுக்குக் காது கேட்கும் என்பது நீதிபதிக்குத் தெரியாது. செல்வராசுக்குத் தெரியும்.

என் வக்கீல் ஆரம்பித்தார். "மிளகு பறித்த பிறகு அவருக்கு என்ன ஆயிற்று?"

செல்வராசு ஷட்டர் பக்கம் ஒரு பார்வை பார்த்தான். "ஒண்ணும் ஆகலீங்க. எறங்குனாரு, வந்தாரு, சோறு தின்னாரு."

"எப்படி இறங்கினார்?"

"காலாலதானுங்க."

என் வக்கீல் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன். நல்ல மேசை. மேப்பிள் மரம்.

நிறுவனத்தின் வக்கீல் எழுந்தபோது அவர் முகத்தில் தீபாவளி. "உங்கள் மாமா நல்ல திடமானவர் என்று சொல்லலாமா?"

"ஏனுங்க, அவருக்கென்ன கொறை? மூட்டை தூக்கச் சொன்னா தூக்குவாரு."

அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும் அந்த மனிதர். ஆசை யாரை விட்டது. "எத்தனை மூட்டை?"

"ரெண்டுங்க. ஒரு தோளுக்கு ஒண்ணு."

"ஒரு மூட்டை எவ்வளவு எடை?"

"எழுவது கிலோ இருக்குமுங்க." ஷட்டருக்கு அடியிலிருந்து யாரோ, "நூறுன்னு சொல்லுடா" என்றார்கள். மொழிபெயர்ப்பாளர் நேர்மையான பெண், அதையும் மொழிபெயர்த்தார்.

"ஆகாச கங்கை அருவிக்கு ஆயிரம் படிங்கம்மா," என்று செல்வராசு நேரே நீதிபதியிடம் பேசத் தொடங்கினான். "ஓடியே எறங்கி ஓடியே ஏறுவாரு, எங்க மாமன். மூச்சு வாங்காது."

என் அறுபதாவது வயது கண்ணுக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. என் தொப்பை அதைவிடக் கிட்டத்தில், எல்லோர் கண் முன்னாலும் இருந்தது. நீதிபதி என்னை ஒரு முறை பார்த்தார். திரையை ஒரு முறை பார்த்தார். பேனாவைக் கீழே வைத்தார்.

"நான் ஒன்றிரண்டு கேட்கலாமா?" என்றார். "மிளகு பறித்த மறுநாள் நீங்கள் என்ன செய்தீர்கள்?"

"அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போனோமுங்க. ஊட்டுச் சனம் பூராவும் கெளம்பிப் போனோம்."

"உங்கள் மாமாவும் வந்தாரா?"

"இல்லீங்க. அவரு ஊட்டுக் காவலுக்கு இருந்தாரு."

"எத்தனை நாள் காவல் இருந்தார்?"

செல்வராசு யோசித்தான். சாமி பேரைச் சொல்லி உறுதி எடுத்தவன், நாள் கணக்கில் பொய் சொல்ல மாட்டான். "நாலு நாளுங்க."

"எதிலிருந்து காவல்?"

"கொரங்குங்கம்மா. காயப் போட்ட மொளகை எறைச்சுப் போடும். தொல்லைங்க."

"அப்படியானால் குரங்கு வந்தபோது அவர் எழுந்து விரட்டினாரா?"

ஷட்டருக்கு அடியில் இருந்த கால்கள் ஒரு அடி முன்னால் நகர்ந்தன. செல்வராசு வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தான். மாமன் குரங்கை விரட்டவில்லை என்றால் கேவலம். எழுந்து ஓடி விரட்டினார் என்றால் பொய், அதுவும் திருநீறு பூசிக்கொண்டு. அவன் நடுவே ஒரு வழி கண்டுபிடித்தான்.

"படுத்துக்கிட்டே சத்தம் போடுவாருங்க," என்றான். பிறகு என் மானத்தைக் காப்பாற்ற, "பெரிய சத்தமுங்க" என்று சேர்த்துக்கொண்டான்.

நீதிபதி பேனாவை எடுத்து எழுதினார். வெகு நேரம் எழுதினார்.

6

தீர்ப்பு வந்தது. நாற்பது பக்கம். சட்டம் படிக்காதவனுக்கும் புரியும்படி எழுதியிருந்தார் அந்த அம்மையார்; தமிழில் இப்படி எழுதும் விமர்சகர்கள் எனக்குத் தெரிந்து குறைவு.

காகிதத்தை மட்டும் பார்த்த மருத்துவரைவிட ஆளைத் தொட்டுப் பார்த்த மருத்துவருக்கு அதிக மதிப்புக் கொடுக்கிறேன் என்றார். குப்பைத் தொட்டி வீடியோவில் தான் கண்டது குப்பைத் தொட்டியை அல்ல, விளக்குக் கம்பத்தை வாதி பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தை என்றார். ஏணியில் இருபத்திரண்டு விநாடி நிற்பது ஒரு வேலை அல்ல. அந்த நேரத்துக்குச் சம்பளம் தரும் முதலாளியை எதிர்த்தரப்பு காட்டவில்லை என்றார். மொழி ஆலோசகர் வேலை எங்கே இருக்கிறது, யார் தருகிறார்கள் என்று கேட்டிருந்தார். நானும் பல வருடம் கேட்ட கேள்வி அது.

சாட்சி செல்வராசுக்கு ஒரு முழுப் பத்தி. வாதியின் வலிமை பற்றி அவர் சொன்ன எதையும் நம்ப முடியவில்லை; அன்பினால் சொன்னதாகவே தோன்றுகிறது. ஆனால் திடமான ஒரு மனிதன் நான்கு நாள் படுத்த இடத்திலிருந்து குரங்குகளை நோக்கிச் சத்தம் மட்டும் போட்டுக்கொண்டிருக்கக் காரணம் இல்லை. சொல்ல விரும்பாமல் சொன்னதால் அந்தப் பகுதியை முழுமையாக நம்புகிறேன்.

அதன் பிறகு வரும் வாக்கியத்தை மட்டும் நான் இரண்டாம் முறை படிக்கவில்லை. வாதி தன் படிப்புக்கும் பயிற்சிக்கும் அனுபவத்துக்கும் பொருந்தும் எந்த வேலையையும் செய்ய இயலாதவர். வெற்றி பெற வேண்டுமென்றால் இதை ஒருவர் முத்திரை போட்டு எழுதித் தர வேண்டும். எழுதித் தந்துவிட்டார்கள். என் மனைவி சாந்தி பாயசம் வைத்தாள். கயல் அந்த வாக்கியத்தின்மேல் மஞ்சள் மையால் கோடு போட்டு எடுத்து வைத்தாள். அடுத்த வருடம் மறுபடி கேட்பார்களாம், அப்போது தேடக் கூடாதாம்.

7

மறுநாள் செல்வராசு கூப்பிட்டான். ஸ்பீக்கரில் போட்டிருக்கிறான் என்பது பின்னால் கேட்ட இருமல்களிலேயே தெரிந்தது.

"மாமா, கேஸ் என்னாச்சுங்க?"

"ஜெயிச்சாச்சு மாப்ள."

"நான் சொன்னதுனாலதானுங்களே?"

"உன்னாலதான்."

"கேட்டீங்களாய்யா," என்றான் அங்கிருந்தவர்களிடம். "ஏனுங்க மாமா, தீர்ப்பை அனுப்பி வைங்க. வாத்தியாரைப் படிக்கச் சொல்லி எல்லாரும் கேக்கறோம்."

கடைசிப் பக்கத்தை மட்டும் படம் எடுத்து அனுப்பினேன். வாதி வெற்றி பெற்றார் என்பதைத் தவிர அதில் வேறெதுவும் இல்லை. ஒரு மணி நேரத்தில் மறுபடி கூப்பிட்டான்.

"வாத்தியார் படிச்சாருங்க. நீங்க ஜெயிச்சீங்கன்னு போட்டிருக்குதாம். எதுல ஜெயிச்சீங்கன்னு போடலியாம். எதுலங்க மாமா?"

எம்.ஏ. தமிழ் அந்த நேரம் பார்த்து ஒரு சொல்கூடத் தரவில்லை. சாந்தி என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"டேய் ராசு. இவரால இனி ஒரு வேலையும் செய்ய முடியாதுன்னு ஜெயிச்சிருக்கோம். முதுகு போயி நாலு வருசமாச்சு. போதும்டா, ஊருக்குச் சொல்லு."

எதிர்முனையில் ஸ்பீக்கரை அணைத்த 'டக்' என்ற ஒலி. செருப்புச் சத்தம், நடக்கிறான். ஒரு லாரி கடந்து போனது. அதன் பிறகு பூச்சிகள் மட்டும். சாந்தி போனை என்னிடம் நீட்டினாள்.

"மாமா."

"சொல்லு மாப்ள."

"உங்களைத் தூக்கிட்டு வந்தது நானுங்களே. எனக்குத் தெரியாதுங்களா?" குரல் தணிந்திருந்தது. "இப்ப ஒருத்தரும் இல்லீங்க. ரோட்டுக்கு வந்துட்டேன். வலி எப்படிங்க இருக்குது?"

நான்கு மருத்துவர்களும் இரண்டு வக்கீல்களும் ஒரு காப்பீட்டு அதிகாரியும் என்னிடம் இதைப் படிவம் வைத்துக் கேட்டிருக்கிறார்கள். ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்லச் சொல்வார்கள். செல்வராசு எண் கேட்கவில்லை. காலையில் எழும்போது எப்படி, சாப்பிட உட்காரும்போது எப்படி, வண்டியில் ஏறும்போது எந்தப் பக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். நானும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். சாந்திக்கே சொல்லாத ஒன்றிரண்டும் அதில் வந்துவிட்டன. பாதியில் சிக்னல் போய்விட்டது.

போனைக் கையில் வைத்தபடி படுத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவனே கூப்பிட்டான்.

"மேட்டுக்கு ஏறி வந்துட்டேனுங்க, இங்க நல்லா எடுக்குது," என்றான், மூச்சு வாங்க. "எடது கால் மரத்துப் போறதுல உட்டீங்க. சொல்லுங்க மாமா."